குருவிப் பாட்டுல உன் குரல் இல்ல

அன்பு மக அபிதாவுக்கு அம்மா எழுதுறது. இங்கன அப்பா, நான், நம்ம ஆட்டோ எல்லாம் ஒரு மாதிரி ஓடிக்கிட்டுதான் இருக்கோம். சென்னையில நீ எப்படி இருக்கன்னுதான் தெரியல. படம் வந்த நாள்ல இருந்து நீ போன் எடுக்கல, மெசேஜ் போட்டா நீல டிக் மட்டும் வருது. எடுத்திருந்தாலும் நீ ஒரு பொய் சொல்லுவ, நான் நம்புனமாதிரி ம் கொட்டுவேன், ரெண்டு பேரும் வச்சுருவோம். கடுதாசின்னா இடையில நீ பேச முடியாது, அதான் எழுதுறேன். பத்தாவது பாதியில பள்ளிக்கூடத்த விட்டவ எழுத்து, சிரிக்காமப் படி.

படத்துக்குப் போனோம். நீ சின்னப் பிள்ளையில சி.டி. தேயத் தேயப் பாத்த கார்ட்டூன, இப்ப நெச ஆளுகள வச்சு எடுத்திருக்காக, தமிழ்ல குருவிப் பாட்டெல்லாம் நான்தான் பாடியிருக்கேம்மான்னு நீ சொன்னதும் உங்கப்பாவுக்குத் தரையில கால் நிக்கல. தேனி தியேட்டர் வாசல்ல ப்ளெக்ஸே வச்சுட்டாரு. படத்துல வர்ற ராசா மக ஒரு பக்கம், காலேஜ் ஐ.டி. கார்டுல நீ முழிச்சுக்கிட்டு இருக்குற போட்டோ ஒரு பக்கம், நடுவுல மார்க்கையன்கோட்டையின் குரலேன்னு கொட்ட எழுத்துல. வேற போட்டோவா கிடைக்கலன்னு வஞ்சேன். எம்மக எதுல இருந்தாலும் அழகுதான்னாரு. என் ஆட்டோவுல ஏறுன மட்டும் ஏத்திக்கிட்டேன், மிச்சப் பேரு பஸ்ல வந்தாக. பக்கத்து வீட்டுச் சங்கிலியம்மா மதினி கலியாணத்துக்குப் போறமாதிரி பட்டுச்சேலை கட்டிக்கிட்டு வந்துச்சு, ஏன் மதினி மொய் எழுதப் போறியான்னு கேட்டேன், ஆமாடி, எம்பிள்ள பாடுதுல்லன்னுச்சு.

படம் எனக்குப் பிடிக்கல, அதையும் சொல்லிப்புடுறேன். கார்ட்டூன்ல அந்தக் குருவி அழுதா நமக்குத் தெரியும். இதுல நெசக் குருவிமாதிரியே பண்ணி வச்சுருக்காக, அழுகுதா நெல்லு பொறுக்குதான்னு தெரியல, எல்லாம் ஒரே இருட்டு. சாபத்துல குருவியாப் போன ராசா மக அரமனைக்குத் திரும்பி வந்தும் ஒருத்தருக்கும் அடையாளம் தெரியாது, அப்ப சன்னல்ல உக்காந்து பாடுவாளே, அந்தப் பாட்டுக்குத்தான நாங்க எல்லாம் காத்துக்கிட்டு இருந்தோம். பாட்டு ஆரம்பிச்சுச்சு. முதல் வரியிலேயே எனக்குத் தெரிஞ்சுபோச்சு ஆத்தா. நல்ல குரல்தான், குத்தம் சொல்ல முடியாது, ஆனா அது வேற யாரோ பெத்த பிள்ள. நீ பாட்டுல மேல ஏறுறதுக்கு முன்னாடி லேசா ஒரு மூச்சு இழுப்ப, கிணத்துல குதிக்கப் போற பிள்ளமாதிரி. அது இல்ல. அங்கன படத்துல அவளப் பெத்த ராணி, குரலக் கேட்டு எம்மக இதுதான்னு கண்டுபிடிச்சுட்டா. நான் இங்கன சீட்டுல உக்காந்து எம்மக இது இல்லன்னு கண்டுபிடிச்சேன்.

சுத்தி ஒரே விசிலு. மதினி மூக்கச் சிந்திக்கிட்டு, அடி மாரீஸ்வரி, ஒம்மக கொரலு ஒடம்பெல்லாம் புல்லரிக்க வச்சுருச்சுடின்னு என் கையப் பிடிச்சு அமுக்குது. நான் சிரிச்சேன். வேற என்ன செய்யச் சொல்ற. ஒருவேளை கடைசியில பேரு போடுறப்ப உன் பேரு வருமோன்னு எந்திரிக்காம இருந்தேன், ரெண்டு வரி ஓடுறதுக்குள்ள லைட்டப் போட்டு நிப்பாட்டிட்டாக. வாசல்ல எல்லாரும் ப்ளெக்ஸுகிட்ட நின்னு போட்டோ எடுத்தாக. உங்கப்பா மட்டும் செருப்பத் தேடுறமாதிரி குனிஞ்சுக்கிட்டே இருந்தாரு. மறுநாள் விடியவும் வண்டி எடுத்துட்டுப் போயி அந்த ப்ளெக்ஸக் கழட்டிக்கிட்டு வந்துட்டாரு. ஏன்னு கேட்டேன். காத்து அடிக்குது, கிழிஞ்சிரும்னாரு. அன்னைக்கு ஒரு வாழ எல கூட அசையல. நானும் ஆமா, காத்துதான்னு சொல்லிட்டேன். அதுல இருந்து ரெண்டு பேரும் சாப்பிடுறப்ப டி.விய சத்தமா வச்சுக்கிறோம்.

நீ பாடவே இல்லையோன்னு ஒரு நிமிசம் கூட நான் நினைக்கல. ரெக்கார்டிங் முடிஞ்ச அன்னைக்கு நீ எனக்கு அனுப்புன பாட்டுத் துண்டு இன்னும் போன்ல இருக்கு. நீ பாடியிருக்க, அவுகதான் எடுத்துட்டு வேற பிள்ளையப் போட்டுருக்காக. உங்கிட்ட முன்னாடியே சொன்னாகளா, இல்ல நீயும் டிக்கெட் வாங்கிப் போயி தியேட்டர்ல உக்காந்துதான் தெரிஞ்சுக்கிட்டியா? அத நினைச்சாத்தான் எனக்கு ஆறல. நாங்களாவது கூட்டமா இருந்தோம். உம்பக்கத்துல யாரு இருந்தா? முந்தாநாள் குளிச்சுட்டு வந்து பாத்தா உங்கப்பா என் போன காதோட ஒட்டி வச்சு அந்தத் துண்டத்தான் கேட்டுக்கிட்டு இருக்காரு. என்னையப் பாத்ததும் அமத்திட்டு, மணி பாத்தேன்னாரு.

வீரபாண்டித் திருவிழா வருது, கௌமாரியம்மன் கோயில் மேடையில நீ பாடணும்னு ஊர்க்காரக வந்து கேட்டாக, தொண்ட சரியில்லன்னு சொல்லி அனுப்பிட்டேன். எத்தனை நாளைக்கு உன் தொண்டைய நான் கெடுக்குறது. நீ சரின்னு ஒரு வார்த்த சொன்னா, எம்மக பாடுனா, அவுக வைக்கலன்னு நானே எல்லார்கிட்டயும் சொல்லிப்புடுறேன். சிரிக்கிறவக ரெண்டு நாளு சிரிப்பாக. பொம்பள ஓட்டுறான்னு என் ஆட்டோவப் பாத்துக்கூடத்தான் சிரிச்சாக, இப்ப அதுலதான ஏறுறாக. முதல்ல உங்கப்பாகிட்ட நீயே சொல்லு, அந்த மனுசன் தனியாத் தூக்கிச் சுமக்குறாரு.

நேரத்துக்குச் சாப்பிடு, ஹாஸ்டல் தண்ணியக் காய வச்சுக் குடி. தொண்டையக் காஞ்சுபோக விட்டுறாத, அது யாரும் எடுத்துட்டுப் போற சாமான் இல்ல. ஆத்தா கௌமாரி உன் தலமேல கை வச்சபடியே இருக்கட்டும், நானும் அப்பாவும் அதையேதான் கும்பிடுறோம். திருவிழாவுக்கு வா. பாட வேணாம், வந்தாப் போதும். ஒண்ண மட்டும் மறந்துராத, ராத்திரி பஸ்ஸப் பிடிச்சு இருட்டோட வந்து வீட்டுக்குள்ள நுழைஞ்சுக்கிறலாம்னு நினைக்காத. பகல்ல வந்து இறங்கு. நான் கூட்டிட்டு வாரேன், பஜார் வழியாவே.

உன் அம்மா
மாரீஸ்வரி
மார்க்கையன்கோட்டை