பூசினால் தெரியாத களிம்பு

ஜூன் 9, திங்கள்

மேகம். காற்று செத்துக் கிடக்கிறது. மொட்டை மாடியில் காலையிலேயே போர் தொடுத்தேன். எதிரி: சோற்றுக்கற்றாழை. மடல்களை அடியோடு அறுத்து, வெட்டு வாய் கீழே பார்க்க வாளிக்குள் தலைகீழாக நிறுத்தினேன். மஞ்சள் ரத்தம் மதியம் வரை சொட்டியது. பூனா தாபோடி சரித்திரத்தில் இப்படியொரு படுகொலை நடந்ததில்லை. கசாப்புக்காரன் பார்த்திருந்தால் கத்தியைப் போட்டுவிட்டு வேதாகமக் கல்லூரியில் சேர்ந்திருப்பான்.

அந்தப் பாலைக் காய்ச்சி இறுக்கினால் மூசாம்பரம். ரத்தக்கட்டுக்கு அதைவிட மருந்து மூன்று உலகத்திலும் கிடையாது. ஆனால் தார் போலக் கறுப்பு. போட்டவன் தெருவில் நடந்தால் எருமை மாடுகூட நின்று என்ன அடி என்று விசாரிக்கும். அந்தக் குறையைத் தீர்க்கத்தான் அடியேன் வெள்ளைக் களிம்பைக் கண்டுபிடித்தேன் (இனி வெ.க.). குங்கிலியத்தைப் பொடித்து, நல்லெண்ணெயில் உருக்கி, தண்ணீரில் கொட்டி, அடி அடியென்று அடித்தால் வெண்ணெயாகத் திரளும். அதோடு நொச்சித் தைலம், கொஞ்சம் தேன்மெழுகு, வெட்டிவேர் வாசனை. டப்பா மேல் என் கைப்பட எழுதியது: பூசினால் தெரியாது, அடியும் தெரியாது. பணிக்காலம் முழுக்க வெடிமருந்து ஆலையில் குண்டு செய்தவன், இன்று மனித குலத்துக்கு ஒத்தடம் கொடுக்கிறேன்.

பாக்கி வேலை:
– நொச்சிக் கொழுந்து
– எலுமிச்சைப்புல் தைலம். குக்கர் விசில் துளையில் குழாய் செருக. (போன தடவை விசில் பறந்து வாட்டர் டேங்கில் பள்ளம். மறக்கக் கூடாது.)
– ரவிவார் பேட்டைக் கடைத்தெருவில் குங்கிலியம்
– கீழ்வீட்டு ஜாதவ் காகூவின் கோபம் (காகூ என்றால் மராட்டியில் சித்தி). புகையால் அவர் மாமியார் போட்டோவே இருமுகிறதாம்.

சாயங்காலம் ஆல்வின். என் அக்கா மகள் பிரிசில்லாவின் புருஷன். கோயம்புத்தூர்ப் பிள்ளை, ஹிஞ்ஜேவாடியில் கம்ப்யூட்டர் வேலை, எங்கள் தமிழ் ஆராதனையில் கிட்டார். வாய் திறந்தால் 'ங்க' இல்லாமல் ஒரு வார்த்தை வராது. வெ.க. இரண்டு டப்பா வாங்கிப் போனான். ஆபீசில் ஃபுட்பால் டீமாம், ஓயாமல் அடிபடுகிறதாம், எல்லாரும் மாமா மருந்தைத்தான் கேட்கிறார்களாம். நான் ஒரு அடி உயர்ந்தேன். தலை நிலைப்படியில் இடித்தது.

மேலிடம் (என் மனைவி நிர்மலா) மட்டும் சிரிக்கவில்லை. பிரிசி இந்தப் பக்கம் வந்து எத்தனை நாளாகிறது என்று கேட்டாள். வேலை அதிகம் என்றேன். அவளுக்கா, அவனுக்கா என்றாள்.

ஜூன் 10, செவ்வாய்

மழை. முதல் மழை. பூனா முழுவதும் மண் வாசனை, என் மாடியில் மட்டும் குங்கிலிய வாசனை. எண்ணெய் தெறித்து முன்கையில் மூன்று கொப்புளம். வீரத் தழும்புகள். காகூ படியேறி வந்து மராட்டியில் திட்டினார். தமிழில் பதில் திட்டினேன். இருவருக்கும் திருப்தி.

பதினொன்றரைக்கு பிரிசி போன். வெ.க. வாசனை இல்லாமல் செய்ய முடியுமா என்று கேட்டாள். ஆபீசில் பக்கத்து சீட்டுக்காரி தினமும் என்ன வாசனை என்று கேட்கிறாளாம்.

"ஏட்டி, நீயுமா ஃபுட்பால் ஆடுத?" என்று சிரித்தேன்.

அவள் சிரிக்கவில்லை. அப்புறம் மீட்டிங் என்று வைத்துவிட்டாள்.

மேலிடத்திடம் சொன்னேன், சிரித்துக்கொண்டேதான். வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"அவன் அவளை அடிக்கான்," என்றாள்.

கிட்டார் வாசிக்கிற பையன், காலில் விழுந்து ஆசீர்வாதம் வாங்குகிறவன், உனக்கு எதிலும் சந்தேகம் என்று ஒரு பிரசங்கமே செய்தேன். வெண்டைக்காய் அப்படியே கிடந்தது. ராத்திரி ஊறுகாய் சாதம்.

ஜூன் 11, புதன்

தூறல். பிரிசி வீட்டுக்கு, வாக்கட் போனோம், பஸ்ஸில். சொல்லாமல். ஆல்வின் ஆபீசில் இருக்கிற நேரம் பார்த்து. புதன் முதல் வெள்ளி வரை பிரிசிக்கு வீட்டிலிருந்தே வேலை.

கதவைத் திறந்தாள். புழுக்கத்தில் முழுக்கை சட்டை, கழுத்து வரை பட்டன். முகத்தில் ஒன்றுமில்லை. மேலிடம் அவளை உள்ளே கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள். நான் ஹாலில். பிறகு கை கழுவ பாத்ரூம்.

அங்கே பார்த்தவை:
– என் டப்பாக்கள். காலி. கழுவித் துடைத்து, ஷெல்ஃபில் வரிசையாக.
– எல்லாவற்றிலும் என் கையெழுத்து.
– பாதி தீர்ந்த ஒன்று. விரல் வழித்த தடம்.
– கதவின் தாழ்ப்பாள் பிய்ந்து தொங்குகிறது. பிய்த்தது வெளிப்பக்கமிருந்து.

மேலிடம் வெளியே வந்தாள். முதுகு, விலா, மேல்கை, தொடை என்றாள். கறிக்கடைக்காரன் சொல்கிற மாதிரி. புதுசு, பழசு, அதற்கும் பழசு. அத்தனையும் துணிக்குள்ளே.

நான் எழுந்து நின்று அவனைக் கொன்றேன். வாயால்தான். உரலில் இடித்தேன், வாலையில் காய்ச்சி வடித்தேன், கடக்வாஸ்லா அணையில் கல்லைக் கட்டிப் போட்டேன், அணை நிரம்பி வழிந்தது. பிரிசி கேட்டுக்கொண்டிருந்தாள். டென்ஷன் மத் லோ மாமா, பதறாதீங்க என்றாள், சின்னப் பிள்ளையைத் தட்டுகிற மாதிரி. இப்போதே கிளம்பு என்றோம். யாரும் நம்ப மாட்டார்கள் என்றாள். ஒரு தடவை பாஸ்டரம்மாவிடம் சொல்ல வாயெடுத்தாளாம். எங்கே காட்டு என்றார்களாம். காட்ட ஒன்றும் இல்லை.

"சண்டேக்குள்ள எல்லாம் போயிரும் மாமா. உங்க மருந்து அவ்வளவு நல்ல மருந்து."

குத்தலாகச் சொல்லவில்லை. பாராட்டாகவே சொன்னாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் மேலிடம் என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

ஜூன் 12, வியாழன்

விடாத மழை. அம்மிக் குழவியை எடுத்தேன். வெ.க. டப்பாக்கள் அத்தனையையும் மாடித் தரையில் அடுக்கி, ஒவ்வொன்றாக. பிளாஸ்டிக் சில்லு கன்னத்தைக் கிழித்தது. நிறுத்தவில்லை. சட்டியில் திரண்டிருந்ததைச் சுவரில் அடித்தேன். வெள்ளை வெள்ளையாக வழிந்தது. நொச்சியைக் கிளையோடு முறித்தேன். திங்கட்கிழமை எழுதிய படுகொலையைப் படித்துப் பார்த்தேன். நோட்டை மூடி வைத்தேன்.

சத்தம் கேட்டு ஜாதவ் காகூ வந்தார். திட்டத்தான் வந்தார். என் முகத்தைப் பார்த்து, "காய் ஜால?" என்றார். என்ன ஆச்சு என்று அவர் என்னைக் கேட்பது இதுவே முதல் தடவை. எனக்குத் தெரிந்த ஓட்டை மராட்டியில் எல்லாம் சொன்னேன். துடைப்பத்தை எடுத்து சில்லுகளைக் கூட்டிக்கொண்டே கேட்டார். அவர் தங்கைக்கும் இப்படி இருந்ததாம். சர்க்காரி ஆஸ்பத்திரியில் காயம் ஆறுவதற்குள் காட்டி எழுதி வாங்க வேண்டும், வாய்ச் சொல்லை யாரும் கேட்க மாட்டார்கள், கண்ணால் பார்க்க வேண்டும் என்றார்.

மேலிடம் என் கன்னத்துக்கு மருந்து தேடினாள். வீட்டில் வெ.க. ஒரு பொட்டு இல்லை. மஞ்சள் வைத்தாள்.

ஜூன் 13, வெள்ளி

வெயில், பிறகு மழை, பிறகு வெயில். அவல் உப்புமா. இறங்கவில்லை.

நாலு மணிக்கு ஆல்வின் போன். புதன்கிழமை நாங்கள் போனது அவனுக்குத் தெரியாது என்பது பேச்சிலேயே தெரிந்தது. தேன். சர்க்கரைப் பாகு.

"மாமா, ரெண்டு டப்பா எடுத்து வைங்க. நாளைக்கு வந்து வாங்கிக்கறேனுங்க."

சரி என்றேன். ஆம், சரி என்று சொன்னேன், இந்த வாயால். போனை வைத்த பிறகுதான் உறைத்தது. திங்கட்கிழமை கொண்டுபோனது இன்னும் தீர்ந்திருக்காது. இது நேற்றைய அடிக்கு இல்லை. இன்றைக்கு அடிக்கப்போவதற்கு. அடி விழுவதற்கு முன்னாலேயே களிம்புக்கு ஆர்டர்.

பிரிசிக்கு உடனே போன் செய்தேன். எடுக்கவில்லை. மறுபடி. மறுபடி. எடுத்தாள். உள்ளதைச் சொன்னேன். உடனே கிளம்பி வா, நான் ஆட்டோ பிடித்து வருகிறேன் என்றேன். அவர் வந்துட்டார் என்று குரலை இறக்கிச் சொல்லி வைத்தாள்.

மழையில் ஆட்டோ கிடைத்து, பாலத்தில் மாட்டி, வாக்கட் சேர்ந்தபோது வீடு பூட்டு. இருவரும் சேர்ந்து வெளியே போனார்கள் என்று வாட்ச்மேன் சொன்னான். மேடம் துப்பட்டாவால் முகத்தை மூடியிருந்தாள், மழை இல்லையா என்றான்.

தேவனே.

ஜூன் 14, சனி

அவன் குளிக்கப் போன நேரத்தில் பிரிசி இறங்கி வந்துவிட்டாள். காலை பத்து. ஒரு கைப்பை, ஆதார் கார்டு, சார்ஜர். துப்பட்டாவை எடுத்தாள். இந்தத் தடவை முகம். இடது கன்னம் கத்தரிக்காய் நிறம், கண் பாதி மூடிக் கிடந்தது. போனில் என் பெயரை வரிசையாகப் பார்த்துவிட்டானாம்.

கை தன்னால் மூசாம்பரத்தைத் தேடிப் போனது. அது ஒன்றைத்தான் நான் உடைக்கவில்லை. பிரிசி என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"ஒண்ணும் போடாதீங்க மாமா. அப்படியே இருக்கட்டும்."

ஐஸ்கூட வேண்டாம் என்றாள். ஆஸ்பத்திரிக்கு நாளைக்குப் போகலாம், இன்று நிற்க முடியவில்லை என்று சொல்லிவிட்டுத் தூங்கினாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கன்னத்தையே பார்த்தேன். இத்தனை நாளும் வீக்கம் வடிய வேண்டும் என்று பார்த்தவன். கர்த்தாவே, நாளை வரைக்கும் இதை ஆற்றாதேயும்.

அவன் வருவான் என்று தெரியும். மாடியில் அடுப்பை வைத்து, நல்லெண்ணெய் முழுவதையும் ஊற்றி, குங்கிலியத்தைப் போட்டேன். களிம்புக்கு இல்லை. கோட்டை வாசலில் கொதிக்கும் எண்ணெய். படியேறும் தலை தெரிந்ததும் கவிழ்க்க வேண்டும். இதில் மிகை ஒன்றும் இல்லை. ஊற்றத்தான் காய்ச்சினேன்.

வந்தான். நான் சட்டியைத் தொடுவதற்குள் மாடிக்கே ஏறிவிட்டான். இஸ்திரி போட்ட சட்டை, கையில் பழப்பை. களிம்பு ரெடிங்களா மாமா என்றான். சத்தம் கேட்டு பிரிசியும் மேலிடமும் மேலே வந்துவிட்டார்கள். வா கண்ணு போலாம் என்று அவள் கையைப் பிடித்தான். மெதுவாகத்தான் பிடித்தான், ஆனால் அவள் விரல்கள் வெளுத்தன. நான் சட்டியைத் தூக்கினேன். அவன் மேல் ஊற்றினால் அவள் மேலும் விழும். அந்த ஒரு கணம் தயங்கினேன். சட்டி சரிந்தது. என் வலது பாதம்.

என் அலறல் பாலம் தாண்டி கிர்க்கி வரை கேட்டிருக்கும்.

ஆல்வின் அவள் கையை விட்டுவிட்டு ஓடி வந்தான். ஐயோ மாமா என்று மண்டியிட்டு உட்கார்ந்தான். குழாயடியில் காலை வைத்துத் தண்ணீர் விட்டான். தோலில் ஒட்டிய பிசினைப் பிய்க்காமல் ஓரம் ஓரமாக ஒதுக்கினான். பாக்கெட்டிலிருந்து வெ.க. எடுத்தான், அவனிடமே ஒரு டப்பா இருந்தது. வாயால் ஊதி ஊதி விரல் நுனியால் தடவினான். இந்தக் களிம்பைச் செய்த எனக்கு இத்தனை பக்குவமாகப் பூசத் தெரியாது. எரியுதுங்களா, கொஞ்சம் பொறுத்துக்குங்க என்றான். கண்ணில் உண்மையாகவே தண்ணீர். ஒரு நொடி எனக்கு அவன் மேல் பிரியம் வந்தது. எழுதவே கூசுகிறது. வந்தது.

பிரிசி நின்ற இடத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இப்படித்தான் மாமா போட்டுவிடுவாரு," என்றாள். "ஒவ்வொரு தடவையும். இதே மாதிரி ஊதி ஊதி. அதனாலதான் நான் போகல."

அவன் விரல் நின்றது. மேலிடம் குனிந்து என் காலை அவன் கையிலிருந்து எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். படியில் காகூ, அவர் மகன், மூன்றாம் மாடிக்காரர்கள். ஆல்வின் எல்லாரையும் பார்த்தான். கும்பிட்டான். தவறிக் கொட்டிருச்சுங்க என்று தமிழ் தெரியாதவர்களிடம் தமிழில் சொன்னான். டப்பாவை மூடிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு இறங்கினான். பழப்பையை மட்டும் விட்டுப் போனான்.

ஜூன் 15, ஞாயிறு

மழை இல்லை. பாதம் பூசணிக்காய். செருப்பு நுழையவில்லை, பிளாஸ்டிக் பை கட்டிக்கொண்டேன். ஆராதனை நேரத்தில் நாங்கள் சர்க்காரி ஆஸ்பத்திரி வரிசையில். காகூவும் வந்தார், கேட்காமலேயே.

பிரிசியின் கன்னத்துக் கன்றல் ராத்திரியில் இன்னும் இறங்கி, தாடை வரை. ஓரத்தில் மஞ்சள், நடுவே நாலு விரல் தனித்தனியாக. பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். துப்பட்டாவை மடித்து மடியில் வைத்திருந்தாள்.

டாக்டர் சின்னப் பெண். என் காலைத்தான் முதலில் பார்த்தாள். பிரிசி என்னைத் தாண்டி ஸ்டூலில் போய் உட்கார்ந்தாள். வெளிச்சத்தில் முகத்தைத் திருப்பி, எதுவும் தடவினீர்களா என்று டாக்டர் கேட்டாள். இல்லை. யார் அடித்தது என்று மராட்டியில் கேட்டாள்.

"நவ்ரா," என்றாள் பிரிசி. புருஷன்.

டாக்டர் பேனாவை எடுத்து அவன் பெயர் கேட்டாள். மேலிடம் பதில் சொல்ல வாயெடுத்தாள். பிரிசி கையைக் காட்டி நிறுத்திவிட்டு, தானே எழுத்து எழுத்தாகச் சொன்னாள்.