துண்டில் இருந்தது கரியில்லை

12, செவ்வாய். காலையிலேயே சுள்ளென்று வெயில். திருவொற்றியூர் மொட்டைமாடியில் துணி எடுத்தேன், எல்லாவற்றிலும் சாம்பல்.

நைனா ஐசியூவில் மூன்றாம் நாள். காலில் உறைந்த ரத்தக்கட்டி நுரையீரலுக்கு ஏறிவிட்டது. ரத்தம் உறையாமலிருக்க ஹெப்பாரின், பம்பில். எல்லாம் எனக்குத் தெரியும்! யூட்யூபில் ஓர் ஐசியூ டாக்டர் நடத்தும் சேனலில் ஒரு வீடியோ விட்டதில்லை. லைவ் வந்தால் முதல் கமெண்ட் நான்தான்.

ஆனால் உள்ளே போக ஒரே பாஸ். அது செல்வி அக்கா கழுத்தில்.

"நைனா என்னத்தான் கேட்டுச்சு. நீ இங்கயே குந்து, யூட்யூப் டாக்டரம்மா."

வாங்க வேண்டியவை: டயப்பர், பிஸ்கட், சார்ஜர். அக்காவுக்கு ஒன்றும் வேண்டாம்.

13, புதன். புழுக்கம். அக்கா கறைபட்ட துண்டோடு வெளியே வந்தாள்.

"நைனா வாந்தி எடுத்துச்சு. நானே தொட்ச்சிட்டேன். கரிதான்."

நைனாவுக்கு எண்ணூர் நிலக்கரி யார்டில் வேலை. துப்பினாலும் தும்மினாலும் கறுப்பு. எங்கள் வீட்டில் யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

துண்டைப் பிடுங்கினேன். காபித்தூள் போலக் குருணை.

"கரியில்லக்கா, ரத்தம்! வயித்துல கசியுது. நர்ஸாண்ட சொன்னியா?"

"இத்தப் போயி இன்னான்னு சொல்றது?"

கதவைத் தட்டினேன். செக்யூரிட்டி திட்டினார். நர்ஸ் துண்டைப் பார்த்ததும் உள்ளே ஓடினார்.

சாயங்காலம். எண்டோஸ்கோப்பி. இரைப்பையில் புண். ஹெப்பாரின் நிறுத்தம், அதை முறிக்க ஊசி, இரண்டு யூனிட் ரத்தம். ஹெப்பாரின் கொடுத்தால் வயிற்றில் ரத்தம் கசியும், நிறுத்தினால் நுரையீரலில் ரத்தக்கட்டி பெருசாகும். வீடியோவில் பார்த்தபோது இவ்வளவு பயமாக இல்லை.

அக்கா சுவரோரம் அழுதாள். "நானே கொன்னுருப்பேன்டி."

தேற்றவில்லை. கொஞ்சம் இனித்தது. யாரும் படிக்கப்போவதில்லை, அதனால் எழுதுகிறேன்.

15, வெள்ளி. தூறல். கசிவு நின்றுவிட்டது. அக்கா பாஸைக் கழற்றி என் கழுத்தில் மாட்டினாள்.

"நீ போ. எனக்கு நைனா மூஞ்சப் பாக்க முடியல."

நைனா கண் திறந்தார். என்னைத் தாண்டிக் கதவைப் பார்த்தார்.

"செல்வி எங்கடி?"

"வெளிய கீறா."

"பொண்ணு பாத்து சொன்னதாலதான் பொயச்சேன்னு நர்ஸம்மா சொல்லுச்சு. செல்விதானே?"

மானிட்டரையே பார்த்தேன்.

"ஆமா நைனா. அவதான்."

சிரித்தார். ஆறு நாள் காத்திருந்த சிரிப்பு. அதுவும் அவளுக்கு.