நீங்கள் ஒப்பித்தீர்கள், நான் கேட்டேன்

உங்கள் கறுப்புக் கோட்டை இன்று காலை மொட்டை மாடியில் வெயிலுக்குப் போட்டேன். அந்துருண்டை நெடிக்கு அடியில் மெழுகுவத்திப் புகையின் வாசனை இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நீங்கள் போய் ஒன்றரை வருடம் ஆகிவிட்டது. கழுத்துப்பட்டியில் மூக்கை வைத்துக்கொண்டு நின்றேன். எதிர் வீட்டுப் பெண் பார்த்துவிட்டாள். பார்க்கட்டும்.

அந்தச் சகோதரர் சங்கத்தில் சேர்ந்த புதிதில் இந்தக் கோட்டை மாட்டிக்கொண்டு, "லாட்ஜுக்குப் போய்ட்டு வாரேன்" என்று கிளம்புவீர்கள். என் அம்மா பயந்துபோய் என்னைச் சமையலறைக்குள் இழுத்து, "ஏன் கண்ணு, ஊடு இருக்கறப்ப மாப்பிள்ளைக்கு லாட்ஜ்ல என்ன வேலை?" என்று கேட்டாள். அவர்கள் கூடுகிற மண்டபத்துக்குத்தான் லாட்ஜ் என்று பெயர் என அவளுக்குப் புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

ஆண்கள் மட்டும் போகும் இடம். ஒவ்வொரு டிகிரியாக ஏற வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு சடங்கு. கண்ணைக் கட்டுவார்கள், மெழுகுவத்தி ஏற்றுவார்கள், சத்தியம் வாங்குவார்கள். கேட்கும் கேள்விகளுக்குப் பழங்கால ஆங்கிலத்தில் நீளநீளமாகப் பதில் சொல்ல வேண்டும். எல்லாம் மனப்பாடமாக.

நீங்களோ எட்டாவது வரை படித்தவர். கணபதியில் பம்ப்செட்டுக்குப் பாகங்கள் கடைந்து கொடுக்கும் லேத் பட்டறைக்காரர். மற்றவர்கள் மில் முதலாளிகள், டாக்டர்கள், வக்கீல்கள். முதல் டிகிரி முடிந்து வந்த அன்று கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "சிரிச்சுப்போட்டாங்க அம்மணி" என்றீர்கள்.

"அப்ப உட்டுப்போடுங்க."

"உடறதா? சிரிச்சவங்களே புத்தகத்த ஒளிச்சு வெச்சுப் பாத்துப் படிக்கறாங்க. நான் பாக்காம சொல்லிக் காட்டறேன் பாரு."

மறுநாள் விடிகாலை நான் காப்பி ஆற்றிக்கொண்டிருந்தபோது ஒரு துண்டுச் சீட்டை நீட்டினீர்கள். நான்கே சொற்கள். எப்படி உச்சரிப்பது என்று கேட்டீர்கள். நான் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் நடத்துகிறவள், சொன்னேன். ரகசியம் வெளியே போய்விடக் கூடாதென்று வரிசையைக் கலைத்து, தினம் நான்கு சொல்லாக எழுதி வந்தீர்கள். பத்தாம் நாள் எல்லாவற்றையும் கோத்து முழு வாக்கியமாக நான் சொன்னதும் உங்கள் முகம் போன போக்கு இருக்கிறதே! சீட்டைச் சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டு, "நான் ஒண்ணும் சொல்லல, நீயும் ஒண்ணும் கேக்கல" என்றீர்கள்.

அன்றிலிருந்து காலையில் நீங்கள் ஒப்பிப்பீர்கள். நான் வெங்காயம் உரித்தபடி கேட்பேன், திருத்துவேன். சைகைகளையும் கைகுலுக்கும் முறையையும் மட்டும் கடைசிவரை நீங்கள் காட்டவில்லை. கேட்டால் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு சிரிப்பீர்கள்.

மூன்று டிகிரி எல்லோரும் வாங்குவது. அதற்கு மேலே உள்ளதற்கு அரை மணி நேரம் நிறுத்தாமல் சொல்ல வேண்டும். அதையும் வாங்கி வந்து, "உனக்கு எம்.ஏ., பி.எட்.னு ரெண்டே டிகிரி. எனக்கு நாலு! இனி மரியாதையாப் பேசு" என்றீர்கள். அந்த நிலைக்கு வந்தவர்தான் இறந்த சகோதரருக்கு விடைகொடுக்கும் உரையைச் சொல்ல முடியும். வருடக்கணக்காக அதை நீங்கள்தான் சொன்னீர்கள். வேறு யாரும் கற்றுக்கொள்ளவே இல்லை.

அதுதான் அன்றைக்குப் பிரச்சினை ஆனது. நம் வீட்டு வாசலில் உங்களைக் கிடத்தியிருக்க, கறுப்புக் கோட்டில் சங்கத்தார் அத்தனை பேரும் அவர்கள் வழக்கப்படி ஆளுக்கொரு பச்சைக் கிளையோடு நின்றார்கள். தலைவர் உரையைத் தொடங்கி, பாதியில் நின்றுவிட்டார். புத்தகத்தை வெளியார் முன்னால் திறக்கக் கூடாதாம். தொண்டையைச் செருமினார். மறுபடியும் அதே வரி, அதே இடம். எனக்குப் பொறுக்கவில்லை. உங்கள் தலைமாட்டில் உட்கார்ந்தபடியே அடுத்த வரியைச் சொன்னேன். 'கருவியைக் கீழே வைத்தவன் கூலி வாங்க மேலே போகிறான்' என்ற அர்த்தத்தில் வருமே, அந்த வரி. மீதியையும் நானே சொல்லி முடித்தேன். ஒரு சொல் பிசகவில்லை.

காரியம் முடிந்த மறுவாரம் தலைவரும் செயலாளரும் வந்தார்கள். சடங்கின்போது நீங்கள் இடுப்பில் கட்டும் வெள்ளை ஏப்ரன், பதக்கம், புத்தகம் மூன்றையும் கேட்டார்கள், கொடுத்தேன். பிறகு செயலாளர் மெதுவாக, "தப்பா எடுத்துக்காதீங்க டீச்சர். அவரு சத்தியம் பண்ணுனவருங்க. உங்களுக்குச் சொல்லிக்குடுத்திருக்கக் கூடாதுங்க" என்றார்.

"அவரு எனக்குச் சொல்லிக்குடுத்தாருன்னு யாருங்க சொன்னா? நான்தான் அவருக்குச் சொல்லிக்குடுத்தேன்" என்றேன்.

அவர் ஒரு தாளை மேசையில் வைத்தார். 'என் கணவருக்குத் தெரியாமல் அவருடைய புத்தகத்தை எடுத்துப் படித்தேன்' என்று தட்டச்சு செய்திருந்தது. நான் கையெழுத்துப் போட்டால் மண்டபத்துச் சுவரில், மேல்நிலை டிகிரி பெற்று மறைந்தவர்கள் பலகையில் உங்கள் பெயர் ஏறும். இல்லாவிட்டால் ஏறாது.

பேனாவைக் கையில் எடுத்தேன். அதை மறைக்க மாட்டேன். அந்தப் பலகையில் பெயர் வர வேண்டுமென்று நீங்கள் எவ்வளவு ஆசைப்பட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். ஆனால் என்னைத் திருடியாக்கித்தான் உங்களை யோக்கியராக்க வேண்டுமா? தாளை இரண்டாகக் கிழித்து அவர் கையிலேயே கொடுத்தேன். "காப்பி குடிச்சுப்போட்டுப் போங்க" என்றும் சொன்னேன்.

மறுநாள் காசிம் பாய் வந்தார். கோட்டைமேட்டில் பாத்திரக்கடை வைத்திருக்கிறாரே, உங்களோடு ஒரே நாளில் சங்கத்தில் சேர்ந்தவர். வாசற்படியில் நின்றே, "எங்க ஊட்லயும் நான் ஒப்பிக்கறத அவதானுங்கம்மா கேப்பா. இத்தன வருசம் வாயத் தொறக்கல நானு" என்றார். கண் கலங்கியிருந்தது.

அடுத்த கூட்டத்தில் அவர் எழுந்து, வீட்டில் யாரும் கேட்காமல் தாங்களாகவே மனப்பாடம் பண்ணியவர்கள் கை தூக்கட்டும் என்றாராம். "ஒரு கையும் மேல வரலீங்கம்மா" என்று போனில் சொன்னார். எட்டு மாதம் இழுத்தடித்து, பிறகு உங்கள் பெயரை எழுதினார்கள். என்னிடம் வருத்தம் யாரும் தெரிவிக்கவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. அவர்கள் கேட்ட பொருளெல்லாம் போய்விட்டது. உங்கள் வாயிலிருந்து வந்த வார்த்தைகள் அத்தனையும் என்னிடம் இருக்கின்றன.

போன வாரம் சரவணம்பட்டியிலிருந்து ஒரு பெண் வந்தாள். ஐடி கம்பெனியில் வேலை. அவள் வீட்டுக்காரர் சங்கத்தில் புதிது. இரண்டாவது டிகிரி அடுத்த மாதம், நாக்கு புரளவில்லையாம். அவரும் பின்னால் கூனிக்குறுகி நின்றார். உட்காரச் சொன்னேன். முதல் பதிலை ஆரம்பிக்கச் சொன்னேன்.

அவர் தயங்கினார். "சங்கத்துல யாரு கேட்டுத் திருத்துனாங்கன்னு விசாரிச்சா என்னங்க டீச்சர் சொல்றது?"

"என் பேரச் சொல்லுங்க" என்றேன். "ம், ஆரம்பிங்க."