எல்லம்மாவை மீட்டோம்

விய வருடம், தை 9
பழவேற்காட்டில் அரிசியும் இல்லை, மீனும் இல்லை. ரங்கம்மாள் எனக்கும் எல்லம்மாவுக்கும் சந்தனம் அனுப்பியிருந்தாள்! சின்ன வயதில் எங்கள் ஊர் பசியாவரத்தில் மூவரும் சேற்றில் இறால் தடவிப் பிடித்த பெண்கள்தான். படகுக்காரர்களுக்குத் தலைவனான தாமோதரனைக் கட்டியதிலிருந்து ரங்கம்மாளுக்குப் பசி மறந்துவிட்டது. "இத்த கரைச்சி குடிக்கணுமா ரோசி?" என்றாள் எல்லம்மா. வயிறு வலிக்கச் சிரித்தோம்.

தை 17
எல்லம்மாவின் கைக்குழந்தை செத்துப்போனது. பால் இல்லை.

தை 24
எல்லம்மா வெள்ளைக்காரர் கோட்டைக்குப் போய்த் தன்னையே அடிமையாக விற்றுவிட்டாள். கிடைத்த அரிசியை மாமியாரிடம் கொடுத்து, மூத்த பையனைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாளாம். புருஷன் முனியன் கடலோடு போய் எட்டு மாதம், தடுக்க ஆளில்லை. மாசி ஐந்தில் அடிமைகளை ஏற்றிக்கொண்டு கப்பல் கடல் தாண்டிப் பத்தாவியாவுக்குப் புறப்படுகிறது. என்னிடம் ஒரு வார்த்தை சொன்னாளா, பாவி? சொல்லியிருந்தால் நான் மட்டும் என்னத்தைக் கொடுத்திருப்பேன்—

தை 26
ரங்கம்மாளிடம் ஓடினேன். கழுத்தில் கிடந்ததையெல்லாம் கழற்றிப் புருஷன் முன் எறிந்தாள். "அவள ஏத்தினா நானும் அந்தக் கப்பல்ல ஏறிடுவேன்" என்று கத்தினாள். அவளைப் பற்றி நான் எழுதியது தப்பு.

மாசி 2
தாமோதரன் கோட்டையில் காசு கட்டி எல்லம்மாவை மீட்டாயிற்று. மூவரும் கட்டிக்கொண்டு அழுதோம்.

மாசி 3
தாமோதரன் கொண்டுவந்த காகிதத்தை ரங்கம்மாள் என்னிடம் நீட்டினாள். மூவரில் மாதா கோயில் பள்ளிக்கூடத்தில் எழுத்துப் படித்தவள் நான்தான். விடுதலை என்று அதில் எங்கும் இல்லை. கோட்டையிடமிருந்து எல்லம்மாவை அவன் விலைக்கு வாங்கியிருக்கிறான். அவளும் இனி அவள் பெறும் பிள்ளைகளும் அவனுக்கே சொந்தம். ரங்கம்மாள் காகிதத்தைப் பிடுங்கிக்கொண்டாள்.

"கிழிச்சிடலாமாடி?"

என் புருஷன் ஞானதாஸ் தாமோதரனின் படகில்தான் துடுப்புப் போடுகிறான்.

"உங்க வூட்டுக்காரர ஒரு வார்த்த கேட்டுக்கோ" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? 'கிழி' என்றிருந்தால் கிழித்திருப்பாள்.

மாசி 20
ரங்கம்மாள் கேட்டாளாம். "காசு குடுத்தது இன்னாத்துக்கு?" என்றானாம். எல்லம்மா அவர்கள் வீட்டில் நெல் குத்துகிறாள். கூப்பிட்டேன், நிமிரவில்லை.

பங்குனி 11
ரங்கம்மாள் பகல் சோற்றுக்குக் கூப்பிட்டாள். போனேன். இந்தப் பஞ்சத்தில் சோறு போடுகிறேன் என்றால் யார் போகமாட்டார்கள்? இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டேன்.

"ஏய் எல்லம்மா, இன்னா நிக்கற? எலைய எடு" என்றாள் ரங்கம்மாள். கோபமெல்லாம் இல்லை. அவளுக்குப் பழகிவிட்டது.

எல்லம்மா குனிந்தாள். "கொஞ்சம் தள்ளுங்கம்மா" என்றாள் என்னிடம்.

நான் தள்ளி உட்கார்ந்தேன்.