மீன் வெட்டும் கத்தி

என் தங்கமே, செல்வி அக்கா,

உன் புருஷன் உன்னை வெட்டியபோது வாசலில் நின்று பார்த்தவள் நான். அன்றிலிருந்து எனக்குச் சத்தமென்றாலே ஆவதில்லை. கண்டெய்னர் லாரி ஹாரன் அடித்தால் உடம்பு தூக்கிப்போடுகிறது. காசிமேட்டு மீன் ஏலத்தில் குரல் உயர்ந்தால் உன் அலறல்தான் கேட்கிறது. சில மாதம் முன்பு என் மீன் கடையில் பேரம் பேசிய ஒருவரைச் சங்கரா மீனாலேயே அடித்துவிட்டேன். பாவம், கொஞ்சம் சத்தமாகக் கேட்டுவிட்டார், அவ்வளவுதான்.

பக்கத்துக் கடை ரோசி என்னைத் தண்டையார்பேட்டையில் ஒரு வகுப்புக்கு இழுத்துப்போனாள். யின் யோகாவாம். உட்கார்ந்து, பாதங்களை ஒட்டவைத்து, முட்டியை விரித்து, குனிந்து தலையணையில் தலையைச் சாய்க்கணும். சில நிமிடம் அசையக் கூடாது.

"இதுக்கு இன்னாத்துக்கு கிளாஸு? வூட்லயே தூங்கிக்குவேனே!" என்றேன்.

டீச்சர் சிரித்தார். "தூங்காதீங்க. மனசுல வர்றது வரட்டும். உடம்பு வலிச்சா மட்டும் எழுந்திருங்க."

வந்ததே! உன் ரத்தம், அவன் கை, எல்லாம் வந்தது. தலையணையைக் கடித்தே கிழித்துவிட்டேன். டீச்சர் திட்டாமல் வேறொன்று கொடுத்தார். பல வாரம் போனபின் ஒருநாள் தோள் தானாகத் தளர்ந்தது. ஓவென்று அழுதேன். உனக்குக் கேட்டதா அக்கா?

நேற்று அந்தப் பாவி என் கடை முன்னால் வந்து நின்றான். ஜாமீன் கொடுத்துவிட்டார்களாம். நான் வஞ்சிரம் வெட்டிக்கொண்டிருந்தேன்.

"இன்னா மச்சினிச்சி, நல்லா கீறியா? கோர்ட்ல பாத்துப் பேசு."

கத்தி கையில். அவன் கழுத்து எட்டும் தூரத்தில். பார்த்த சாட்சி நான் ஒருத்திதான், நான் ஜெயிலுக்குப் போனால் உன் வழக்கும் செத்துப்போகும் என்பதெல்லாம் அந்த நேரத்தில் தோன்றவேயில்லை. பழகிய உடம்புதான் என்னைக் காப்பாற்றியது. கத்தியை வைத்துவிட்டு, செதிலும் ஐஸ் தண்ணீருமாகக் கிடந்த தரையில் உட்கார்ந்து, பாதங்களை ஒட்டவைத்துக் குனிந்துவிட்டேன்.

"இன்னாடி, பைத்தியம் புட்சிகிச்சா?" என்று இளித்தான்.

நான் நிமிரவில்லை. ரோசிதான் கூடையைத் தூக்கிக்கொண்டு பாய்ந்தாள். "கஸ்மாலம்! அவ அக்காவக் கொன்னுட்டு அவளயே மெரட்றியா?" மார்க்கெட்டே திரண்டு அவனை அடித்துத் துரத்தியது. மிரட்டியதை இன்று வக்கீலிடம் சொல்லிவிட்டேன்.

இன்னமும் அவனை வெட்டணும் போலத்தான் இருக்கிறது. உன்னிடம் எதற்குப் பொய்? ஆனால் கூண்டில் ஏறி, நீ கதறியதிலிருந்து அவன் கை கழுவியது வரை ஒன்று விடாமல் சொல்வேன். இது சத்தியம். அதுவரை என் கத்தி மீனைத் தவிர வேறெதையும் தொடாது.

உன் இடுப்பில் உட்கார்ந்து வளர்ந்த தங்கச்சி,
பவானி