உன் அஞ்சலியில் என் சொல் எது?

மாப்ள,

முந்தாநாள் காலை திருமங்கலம் பேருந்து நிலையத்தில் இறங்கியதும் மைதாப் பசை வாடை மூக்கில் ஏறியது. திரும்பினால் சுவரில் உன் கண்ணீர் அஞ்சலி. படத்தில் மட்டும் வேறு யாரோ.

எவர் இறந்தாலும் சுவரொட்டிக்கு வரி எழுதியவன் நீ. பசை வாளி என் பொறுப்பு. மதுரையில் நான் ஒட்டாதது கோயில் சுவர் ஒன்றுதான். எழுதிய உனக்கே எழுத ஆளில்லாமல் போனபோது, எட்டாவது வரை படித்த நான் சும்மா இருப்பேனா? செல்போனில் ஏஐயிடம் உன் பெருமையைச் சொன்னேன். இமைப்பதற்குள் எட்டு வரி கொட்டியது. அதை அச்சடித்து ஒட்டி, நானே எழுதியதாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டேன்.

அதே எட்டு வரி, ஓர் எழுத்து மாறாமல், முன்பின் தெரியாதவர் படத்துக்குக் கீழே. அச்சகத்தைத் தேடிப் போய்ச் சத்தம் போட்டேன், திருமங்கலமே திரண்டுவிட்டது. அச்சகக்காரர், மதுரைச் சுவரில் பார்த்து எடுத்ததை மறுக்காமல், நிதானமாகக் கேட்டார்: "நீங்க எழுதுனதாண்ணே?"

"போனு எழுதுச்சு. எழுதச் சொன்னது நானு."

"அப்ப அந்தப் போன வந்து கேக்கச் சொல்லுங்க."

வக்கீலிடம் ஓடினேன். இயந்திரம் எழுதியது யாருக்குச் சொந்தம் என்பது இன்னும் தெளிவாக முடிவாகவில்லையாம். சுவரொட்டியை விரித்து, என் சொல் எதுவோ அதன் கீழே கோடு போடச் சொன்னார். ஒரே இடத்தில்தான் போட முடிந்தது: 'அலங்காநல்லூர்க் காளையை அடக்கிய வீரனே'. நான் போனுக்குச் சொல்லிக்கொடுத்த புளுகு அது. கன்றுக்குட்டி எதிரே வந்தாலே சந்து மாறிப் போகிறவன் நீ. மொத்த அஞ்சலியிலும் எனக்கென்று மிஞ்சியது அந்தப் பொய் ஒன்றுதான் மாப்ள.

உன் வீட்டுக்குப் போய், உன்னைக் கட்டிய தங்கச்சியிடம் உண்மையைச் சொன்னேன். அது கோபப்படவில்லை.

"தெரியும்ணே. மத்த வரியெல்லாம் யாருக்கோ எழுதுன மாதிரி இருந்துச்சு. காளைய வாசிச்சப்பத்தான் அவரு போனதுக்கப்புறம் மொதத் தடவ சிரிச்சேன்."

நேற்று மறுபடி திருமங்கலம் போனேன். இறந்தவர் தையல்காரராம், மாட்டுக்கும் அவருக்கும் சம்பந்தமே இல்லை. காரியத்தன்று ஒட்ட, வேறு வரி என் கையாலேயே எழுதித் தருவதாக அந்த வீட்டில் ஒப்புக்கொண்டுவிட்டேன். எழுத்தில் உன்னைவிட நான் ஒரு படி மேல் என்றும் சொல்லிவைத்தேன், பொறுத்துக்கொள்.

பேனாவைத் திறந்து வெகுநேரமாகிறது. எழுதப் போன வீட்டிலெல்லாம் நீ முதலில் கேட்பாயே, "அவரு எதுக்கும்மா சிரிப்பாரு?" என்று, அதை நான் கேட்காமல் வந்துவிட்டேன். இதோ, மறுபடி பஸ் ஏறுகிறேன்.