பெரியப்பா பற்றவைத்த கப்பல்

பாளையம்பட்டியில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் வெல்டிங் வாடை. உங்கள் பட்டறையில் இப்போது வேறொருவர் வேலை பார்க்கிறார், பெரியப்பா. கொஞ்ச நேரம் நின்றேன். இந்த முறை பயம் வரவில்லை.

அந்த வாடையோடுதான் கப்பல் கதையும் வரும். இரண்டாம் உலக யுத்தத்துக்காக அவசரமாகக் கட்டிய சரக்குக் கப்பல். ஆணி அறைந்து இணைக்க நேரமில்லாமல் தகடுகளைப் பற்றவைத்தே முடித்தார்களாம். யுத்தம் முடிந்தும் கப்பல் ஓய்வெடுக்கவில்லை. கோதுமை, நிலக்கரி, உரம். அது கிழடான பிறகுதான் நீங்கள் வெல்டராக ஏறினீர்கள். பரளச்சி கிராமத்துக் கரிசல் காட்டிலிருந்து, நீச்சல் தெரியாமல்.

ஒருநாள் மேல்தளத்தில், சரக்கு இறக்கும் வாயின் மூலையில், விரிசல். மேலும் ஓடாதபடி அதன் முனையில் ஓட்டை போட்டுப் பற்றவைத்தீர்கள். அடுத்து பம்பாய். அங்கே இறங்கிய நீங்கள் கப்பலுக்குத் திரும்பவில்லை.

“எம் வெல்டிங்க நானே நம்பல தாயி. அத கப்பல்ல இருந்தவுககிட்ட சொல்லாமயே வந்துட்டேன்” என்பீர்கள் என்னிடம்.

பின்னாளில் தூத்துக்குடித் துறைமுகத்தில் விசாரித்தீர்கள். அந்தப் பெயரில் கப்பலே இல்லை என்றார்கள். முழுகிவிட்டது என்று நீங்களே முடிவு செய்தீர்கள். அதன்பின் புயல் செய்தி வந்தால் உங்கள் கை சோற்றில் அப்படியே நின்றுவிடும்.

“கம்மாயில கால் நனைக்கத் தண்ணியில்ல. இவுகளுக்குக் கடல்ல புயலாம்!” என்பார் பெரியம்மா. பக்கத்தில் என் கையும் நின்றிருக்கும்.

உங்கள் கருமாதிக்கு மறுநாள் ஒரு பெரியவர் வந்தார். பேப்பரில் உங்கள் படத்தைப் பார்த்தாராம். அந்தக் கப்பலின் சமையல்காரர்.

“சாமானக்கூட எடுக்காம ஓடிட்டான், பயந்தாங்கொள்ளிப் பய!”

பெரியம்மா மெதுவாகக் கேட்டார். “அப்ப கப்பலு முழுகலையா?”

“முழுகியிருந்தா நான் எப்டிம்மா ஒங்க வீட்ல காப்பி குடிக்கேன்? வித்துட்டானுவ. வாங்குனவன் பேர மாத்திட்டான். அப்புறமும் ரொம்ப வருசம் ஓட்டுனோம். கடைசில ஒடைக்கதுக்குன்னு நாங்களேதான் கரையில ஏத்துனோம். கப்பலு பூரா துரு. அவன் பத்தவச்ச மூலை மட்டும் அசையல.”

பெரியம்மா உங்கள் படத்தைப் பார்த்தார். “கேட்டீகளா?” என்றார். அழவில்லை.

நேற்று இரவுச் செய்தியில் வங்கக்கடலில் புயல் என்றார்கள். பழக்கத்தில் கை தட்டில் நின்றது.

பிறகு சாப்பிட்டேன், பெரியப்பா.